சுகர் வந்துடுச்சு

தப்பா சொல்லிடுவேனோன்னுதான் சார் பயமா இருக்கு, வேற ஒண்ணுமில்ல. ஒண்ணு சொல்ல வந்தா என் வாய் இன்னொண்ணுக்குத் தாவிடும். நீங்க பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்கீங்க. அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழ வெச்சீங்கன்னா நல்லா இருக்கும். வெக்க மாட்டீங்களா? சரி, எழுதுங்க. எழுதத்தானே தலைமை ஆபீஸ்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க.

ஐயோ, இல்ல சார், உங்களைப் பாத்து சிரிக்கல. பயம் வந்தா எனக்கு சிரிப்பு வந்துடும். என் கல்யாணத்தன்னிக்கு நான் சிரிச்ச சிரிப்பை என் நாத்தனார் இன்னும் சொல்லிக் காட்டுவாங்க. அவங்க எங்க மாடியிலதான் இருக்காங்க. வீட்டுக்காரருக்கு அக்கா. அவங்க கதை பின்னாடி வரும், வராம எப்படி?

இப்ப எதுக்கு வந்தேன்னா, பக்கத்து ரூம்ல கெமிஸ்ட் மேடம் ஒரு மணி நேரமா சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவங்க பொய்யா நம்பர் எழுதி அனுப்பினாங்கன்னு நீங்க சொல்றீங்களாம். வேலையை விட்டு அனுப்பி, இந்த ஷெட்டையும் பூட்டிடுவீங்களாம். வால்வு அண்ணன் சொன்னாரு. எங்க ஃபிட்டர்தான். எதைக் கேட்டாலும் வால்வுல கோளாறும்பாரு, அதனால அந்தப் பேரு. நீங்க என்னைக் கூப்பிடல, நானாத்தான் வந்தேன். கூப்பிட்டிருந்தீங்கன்னா பயத்துல லீவு போட்டிருப்பேன்.

நான் என்ன வேலை பாக்கறேனா? கேன் மாத்தறேன். அவ்வளவுதான்னு நெனச்சுடாதீங்க. முதல்லேர்ந்து சொன்னாத்தான் எனக்கு வரும்.

மக்காச்சோளத் தட்டை, கோதுமை வைக்கோல், மரத்தூள், இதெல்லாம் லாரியில வந்து இறங்கும். கதிரை எடுத்துட்டு ஜனங்க கொளுத்திப் போடற குப்பை. அதைப் பொடியா வெட்டி, அந்தப் பெரிய தொட்டியில துளி ஆசிட் விட்டு ஆவியில வேகவெப்பாங்க. அப்புறம் என்சைம் ஊத்துவாங்க. நாங்க அதை ஜீரண மருந்தும்போம். ரெண்டு நாள் ஊறினா தட்டை கரைஞ்சு, டீ டிகாஷன் மாதிரி ஒரு சாறு நிக்கும். அதுக்குள்ள சர்க்கரை இருக்கு சார். குப்பைக்குள்ள சர்க்கரை! முதல் நாள் மேடம் சொன்னப்ப, படிச்சவங்க நம்மளைக் கேலி பண்றாங்க போலன்னு நெனச்சேன்.

ஒரு சர்க்கரை இல்ல, ரெண்டு. ஒண்ணுல கரி அஞ்சு, ஒண்ணுல ஆறு, ஏதோ அந்த மாதிரி மேடம் சொன்னாங்க. எங்களுக்கு அது அஞ்சு, இது ஆறு. ஆறு ஈஸ்ட்டுக்குத் தீனி. அஞ்சை வெச்சு பல்லு சொத்தையாகாத இனிப்பு பண்ணலாமாம். கலந்து போச்சுன்னா ரெண்டுக்கும் லாயக்கில்ல. என்னை வேலைக்கு எடுத்தப்ப மேடம் கேட்டாங்க, எத்தனாவது வரைக்கும் படிச்சீங்கக்கான்னு. அஞ்சு மேடம், ஆறுக்குப் போகலன்னேன். அப்ப சரியான ஆளுதான், ரெண்டையும் பிரிச்சு வெச்சிருக்கீங்களேன்னாங்க. அன்னிக்கே அவங்களை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

பிரிக்கறது அந்த நெட்டைக் குழாய்தான். அதுக்கு இங்கிலீஷ்ல பேரு காலம். எங்க ஷெட்டுல காலம்னா மணி இல்ல சார், குழாய். காலத்துக்குள்ள சின்னச் சின்ன மணியா கொட்டி வெச்சிருக்கு. ஆனா மணி பாக்கணும்னா சுவத்துல இருக்கற கடிகாரம்தான். ஆமா சார், எனக்கே சொல்லும்போது குழம்பும். புதுசா வந்த வாட்ச்மேன் ஒரு தடவை, இன்னிக்குக் காலம் அடைச்சுக்கிச்சுன்னு நான் சொன்னதைக் கேட்டு, யாருக்கும்மா என்ன ஆச்சுன்னு பதறிட்டாரு.

மேல சாறு ஊத்தினா கீழ தனித்தனியா வரும். எப்படின்னா, நானும் நாத்தனாரும் கடைத்தெருவுக்குப் போன மாதிரி. நான் இந்தப் பக்கம் நுழைஞ்சு விறுவிறுன்னு அந்தப் பக்கம் வந்துடுவேன். அவங்க ஒவ்வொரு கடையா நின்னு, தொட்டுப் பாத்து, விலை கேட்டு, வாங்காம வருவாங்க. ஆறு என்னை மாதிரி. அஞ்சு அவங்களை மாதிரி. அந்த மணிங்கதான் கடைங்க. முதல்ல ஒரு புளிச்ச தண்ணி வரும், அது வேண்டாம். அப்புறம் ஆறு. கடைசியா அஞ்சு. நான் குழாய்க்கிட்ட ஸ்டூல் போட்டு உக்காந்து, நாப்பதாவது நிமிஷம் ஒரு கேனை எடுத்து அடுத்ததை வெக்கணும், அறுபத்தஞ்சாவது நிமிஷம் இன்னொண்ணு. சீட்டுல அப்படித்தான் போட்டிருக்கு.

ஆங், அந்தச் சீட்டேதான். உங்க கையில இருக்கறது. கையெழுத்து நல்லா இருக்கா? தேங்க்ஸ் சார். யாருமே சொன்னதில்ல.

மூணு மாசம் சார். மூணு மாசமும் அறுபத்தெட்டு, எழுபது, எழுபத்திரண்டு. நூத்துக்கு அவ்வளவுதான் சுத்தம். தொண்ணூறைத் தாண்டலன்னா மூடிடுவோம்னு உங்க ஆபீஸ்லேர்ந்து கடுதாசி வந்துச்சு. வால்வு அண்ணன் எல்லா வால்வையும் கழட்டி மாட்டினாரு. பாய்லர்காரர் ஆவியை ஏத்தினாரு, இறக்கினாரு. மேடம் தலையில கை வெச்சு உக்காருவாங்க. நாங்க நாலே பேர். இந்த ஷெட்டு போச்சுன்னா என்னை மாதிரி அஞ்சாவது படிச்சவளுக்கு வெள்ளைக் கோட்டு யாரு சார் தருவா?

அப்புறம் ஏற ஆரம்பிச்சுது. எழுபத்தெட்டு. எண்பத்தாறு. அப்புறம் ஒரு வியாழக்கிழமை, பதினொண்ணு பத்துக்கு, மேடம் லேப்லேர்ந்து ஓடி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. அக்கா, தொண்ணூத்தாறு! வால்வு அண்ணன் ஸ்டேஷன்ல தண்டவாளத் துண்டை அடிக்கற மாதிரி ஸ்பேனரால குழாயை அடிச்சாரு. மேடம் ஆடினாங்க சார். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டே ஆடினாங்க. எனக்கும் தலைகால் புரியல. நேரா போனை எடுத்து வீட்டுக்காரருக்குப் போட்டேன்.

அவர் தையல்காரர். அவர் பக்கம் தையல் மெஷின் சத்தம், எங்க பக்கம் பம்பு சத்தம். நான் கத்தறேன், என்னங்க, சுகர் வந்துடுச்சுங்க!

தையல் மெஷின் சத்தம் நின்னுச்சு. அப்புறம் மெதுவா, எப்ப வந்துச்சுன்னாரு. இப்பத்தாங்க, பதினொண்ணு பத்துக்கு! எவ்வளவு? தொண்ணூத்தாறுங்க! இதுவரைக்கும் இவ்வளவு வந்ததே இல்ல! டாக்டர் என்ன சொன்னாங்க? எங்க மேடம் டாக்டர் பட்டம் வாங்கினவங்க இல்லையா, அதனால நான் சொன்னேன், டாக்டர் ஆடிக்கிட்டிருக்காங்கங்க!

நீங்க சிரிங்க சார், பரவாயில்ல. அந்த மனுஷன் அன்னிக்கு ஒரு சட்டைக்கு மூணு கை வெச்சுத் தெச்சிட்டாரு.

சாயங்காலம் கேட்டைத் தாண்டறேன், நாத்தனார் நிக்கறாங்க. என் முகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு, நீ ஒண்ணும் பேசாத, எனக்கு எல்லாம் தெரியும்னாங்க. பேசாதன்னு அவங்க சொன்னா நான் பேசறதில்ல, இருபத்தாறு வருஷப் பழக்கம். வண்டியில ஏத்தினாங்க. சரி, தொண்ணூத்தாறைக் கொண்டாட எங்கயோ கூட்டிட்டுப் போறாங்க போலன்னு நானும் கம்பீரமா உக்காந்திருக்கேன். இறங்கிப் பாத்தா கிளினிக்கு.

டாக்டர் கேக்கறாரு, எத்தனை நாளாம்மா சுகர்? எனக்கு ஒரே சந்தோஷம். ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு பாருங்கன்னு நெனச்சு, மூணு மாசமா வராம அடம் பிடிச்சுது டாக்டர், இன்னிக்குத்தான் வந்துச்சுன்னேன். மூணு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க? தட்டையை வேகவெச்சோம் டாக்டர். அவர் நாத்தனாரைப் பாக்கறாரு. நாத்தனார் நெத்தியில கை வெச்சு, பாருங்க, மூளைக்கு ஏறிடுச்சுங்கறாங்க. எவ்வளவு இருந்துச்சுன்னு கேட்டாரு. தொண்ணூத்தாறு. சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? டீ பிரேக்குக்கு முன்னாடி. அப்ப ஒண்ணுமே இல்லையேம்மாங்கறாரு! எனக்குக் கோவம் வந்துடுச்சு. நாலு பேர் உயிரைக் கொடுத்து உழைச்சிருக்கோம், ஒண்ணுமே இல்லைங்கறீங்களேன்னு கேட்டேன்.

அப்ப அவர் பேனாவைக் கீழ வெச்சுட்டு, உங்களை மாதிரியே ஒரு பார்வை பாத்து, இனிப்பு ஏதாவது வாயில வெக்கறீங்களாம்மான்னு கேட்டாரு.

மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன். யாரோ பாத்துட்டாங்க, சொல்லிட்டாங்க. அங்கயே அழுதுட்டேன் சார். ஒரு சொட்டுதான் டாக்டர், தினமும் ஒரே ஒரு சொட்டுதான், அதையும் துப்பிடுவேன்னேன். துப்பறதா? இனிப்பை எதுக்கும்மா துப்பறீங்க? வாயைக் கொப்புளிச்சுடுவேன் டாக்டர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

ஆமா சார். அதேதான். காலத்துச் சாறுதான். நாக்கால பாத்துத்தான் கேனை மாத்தினேன்.

எழுதிட்டீங்களா? எழுதிட்டீங்க. சரி, இனி என்ன, முழுசா சொல்லிடறேன்.

மண்டையோடு படம் போட்டு, எதையும் வாயில வெக்கக் கூடாதுன்னு சுவத்துல எழுதியிருக்குல்ல, நீங்ககூட உள்ள வரும்போது பாத்தீங்களே. திங்கக்கிழமை திங்கக்கிழமை மேடம் அதை எங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்வாங்க. நானும் எல்லாரையும் விட சத்தமாப் படிப்பேன். ஆனா ஒரு நாள் அந்த ரப்பர் குழாய் படக்குன்னு கழண்டு மூஞ்சியில அடிச்சுது. உதட்டுல பட்டுது. இனிச்சுது சார். கடிகாரத்தைப் பாக்கறேன், இருபத்தெட்டாவது நிமிஷம். சீட்டுல நாப்பதுன்னு இருக்கு. அப்ப பன்னெண்டு நிமிஷம் ஆறு பாட்டுக்கு வேண்டாத கேன்ல போய்க்கிட்டு இருக்கு!

மறுநாள் குளிரான காலை. சாறு கெட்டியா, சோம்பேறியா இறங்குது. அன்னிக்கு நாப்பத்தாறு ஆயிடுச்சு இனிக்க. தினத்துக்கு ஒரு நேரம். காலம் கடிகாரம் பாத்து நடக்கல சார். சீட்டு மட்டும்தான் கடிகாரம் பாத்துச்சு. அதனால கையுறை நுனியில ஒரு சொட்டு எடுத்து நாக்குல வெச்சேன். புளிச்சா விட்டுடுவேன். நல்லா இனிச்சா ஆறு, கேனை மாத்து. இனிப்பு ஏனோதானோன்னு ஆச்சுன்னா அஞ்சு, மறுபடியும் மாத்து. அதுலதான் எழுபத்தெட்டு, எண்பத்தாறு, தொண்ணூத்தாறு.

அப்ப சீட்டுல ஏன் நாப்பது, அறுபத்தஞ்சுன்னு இருக்குன்னு கேப்பீங்க. கேளுங்க. நீங்க கேக்காட்டியும் அதைச் சொல்லத்தான் வந்தேன். முதல் வாரம் நான் நிஜ நேரத்தை, நாப்பத்திரண்டு, அறுபத்தாறுன்னு ஒழுங்கா எழுதினேன் சார். அப்ப இருந்த சூப்பர்வைசர், இப்ப மாத்தலாகிப் போயிட்டாரு, சீட்டுல என்ன அச்சடிச்சிருக்கோ அதை எழுதும்மா, உன் இஷ்டத்துக்கு எழுதாதன்னு எல்லார் முன்னாடியும் கத்தினாரு. அன்னிலேர்ந்து காலையில வந்ததும், பம்பைப் போடறதுக்கு முன்னாடியே, அன்னிக்கு முழுக்க நாலு ஓட்டத்துக்கும் நேரத்தை எழுதி வெச்சிடுவேன். கை சும்மாத்தானே இருக்கும். அதனாலதான் கையெழுத்து அவ்வளவு நல்லா இருக்கு.

கோவிச்சுக்காதீங்க சார். மேடத்துக்கு இது தெரியாது. சத்தியமா தெரியாது. அவங்க என் சீட்டை நம்பி உங்களுக்கு அனுப்பினாங்க. நீங்க அந்தச் சீட்டை நம்பி அங்க பெரிய ஃபேக்டரிக்கு வரைபடம் போட ஆரம்பிச்சிட்டீங்க. ஒரு சொட்டு நாக்குல வெச்சவ நான். சிக்கினது அவங்க.

அந்த டாக்டர் என்ன சொன்னாரா? ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, உங்களுக்கு சுகர் இல்லம்மா, ஆனா இனிமே ஒரு சொட்டுகூட நாக்குல வெக்காதீங்கன்னாரு. என்ன சொட்டுன்னு அவருக்குத் தெரியாது, பொதுவா சொன்னாரு. எனக்கு மண்டையோடே எழுந்து வந்து பேசின மாதிரி இருந்துச்சு. மறுநாள்லேர்ந்து நிறுத்திட்டேன். சீட்டுப்படி நாப்பதுக்கு மாத்தினேன், அறுபத்தஞ்சுக்கு மாத்தினேன். ஒழுக்கமா இருந்தேன் சார். எழுபத்தொண்ணு. அறுபத்தொம்போது. சீட்டுல ஒரே நேரம், ஆனா தொண்ணூத்தாறும் வருது, எழுபத்தொண்ணும் வருது, அப்ப முன்னாடி எழுதினது பொய்தான்னு நீங்க நெனச்சீங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்.

மேடம் என்கிட்ட ஒரே ஒரு தடவை கேட்டாங்க. அக்கா, நேரம் பாத்துத்தானே மாத்தறீங்கன்னாங்க. பாத்துத்தான் மேடம்னேன். பொய் இல்லையே! அந்த வாரம்தானே நிஜமாவே நேரம் பாத்தேன். ஆனா அதைச் சொல்லிட்டு டாய்லெட்ல போய் உக்காந்து சிரிச்சேன் சார், கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட.

இந்தத் திங்கக்கிழமை நீங்க வரப்போறீங்கன்னு சேதி வந்துச்சு. அன்னிக்குக் காலையிலதான் நாத்தனார் என் பைக்குள்ள ஒரு சாமானைத் திணிச்சாங்க. அவங்களுக்கு டாக்டர் மேல நம்பிக்கை இல்ல. எனக்கு சுகர் இருக்குன்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க, இனி ரத்தமே வந்து சொன்னாலும் கேக்க மாட்டாங்க. அதனால வீட்டுலயே சுகர் பாக்கற மெஷின் வாங்கிட்டாங்க. விரல்ல குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அந்தச் சின்ன அட்டையில வெச்சா நம்பர் காட்டுமே, அதேதான். வேலை நேரத்துலயும் பாத்துக்கோன்னு உத்தரவு.

நான் காலத்துக்கிட்ட ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். ஒரு கையில சுகர் பாக்கற மெஷின். எதிர்ல சுகர் சொட்டிக்கிட்டு இருக்கு. எவ்வளவு நேரம் சார் சும்மா இருக்க முடியும்?

வெச்சேன். ரத்தத்துக்குப் பதிலா சாறை வெச்சேன். மெஷின்ல இங்கிலீஷ்ல ஹாய்னு வந்துச்சு. அட, மரியாதை தெரிஞ்ச மெஷின்னு சந்தோஷப்பட்டேன். மறுபடியும் வெச்சேன், மறுபடியும் ஹாய். அப்புறம்தான் பெட்டியில இருந்த படத்தைப் பாத்தேன், அது ஹாய் இல்லையாம், ஹையாம், அளவு எக்கச்சக்கமாப் போச்சு, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னு அர்த்தமாம்! மேடம் லேப்ல எதையும் அப்படியே பாக்க மாட்டாங்க, தண்ணி விட்டு இளக்கித்தான் பாப்பாங்க, அது ஞாபகம் வந்துச்சு. ஒரு மூடி சாறு, ஒரு டம்ளர் தண்ணி. அப்ப நம்பர் ஒழுங்கா வந்துச்சு. புளிச்ச தண்ணிக்கு ஒண்ணுமே காட்டல. ஆறு வர ஆரம்பிச்சதும் நூறு, இருநூறு, முன்னூத்தி எண்பதுன்னு ஏறுது. அஞ்சு வந்ததும் சரசரன்னு இறங்குது. அதுக்கு ஆறைத்தான் தெரியுது சார், அஞ்சைக் கண்டுக்கவே மாட்டேங்குது. நாக்கைவிட கெட்டி. திங்கக்கிழமையிலேர்ந்து அப்படித்தான் மாத்தறேன். தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தஞ்சு, இப்ப கொஞ்ச நேரம் முன்னாடி பலகையில எழுதினாங்களே, தொண்ணூத்தேழு! நீங்ககூட அதைப் பாத்துட்டு, மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்கன்னு முணுமுணுத்தீங்க.

சீட்டுலயா? சீட்டுல இப்பவும் நாப்பது, அறுபத்தஞ்சுதான் சார். நீங்க வர்ற நேரத்துல புதுசா எதையாவது எழுதி வெக்கற அளவுக்கு எனக்கு தைரியம் ஏது?

ஆனா மெஷின் எழுதி வெச்சிருக்கு. ஒவ்வொரு தடவை பாத்ததுக்கும் தேதி, மணி, நம்பர் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. எந்த நிமிஷம் ஏறிச்சு, எந்த நிமிஷம் இறங்கிச்சுன்னு நாலு நாளும் இருக்கு. உங்களுக்கு வேண்டிய நேரம் அதுதானே? மேடத்துக்கிட்ட அதைக் காட்டினீங்கன்னா அவங்களே வரைபடம் போட்டுடுவாங்க.

மெஷின் எங்கயா? அதைத்தான் சொல்ல வர்றேன். நேத்து சாயங்காலம் நாத்தனார் அதை எடுத்து உள்ள இருக்கறதைப் பாத்துட்டாங்க. முன்னூத்தி எண்பது, நானூத்திப் பத்து, நடுவுல ரெண்டு ஹாய். மயக்கம் போட்டாங்க. தண்ணி தெளிச்சு எழுப்பினா, இந்த மெஷின் ராசியில்லாதது, உள்ள இருக்கறதையெல்லாம் அழிச்சுட்டு கடையில திருப்பிக் கொடுக்கப் போறேங்கறாங்க. காலையில அவங்களுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன். இப்ப வாசல்ல வந்து நிக்கறாங்க, வாட்ச்மேன்கிட்ட என்னை ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வரச் சொல்லிக்கிட்டு. என் பையில இருந்தா பிடுங்கிடுவாங்க. என் அலமாரியில வெச்சா, நீங்க என்னை அனுப்பிட்டீங்கன்னா அலமாரியும் போச்சு. மேடம் கையில கொடுத்தா, அவங்களே பண்ணி வெச்சதுன்னு சொல்வீங்க.

அதனால, நீங்க முன்னாடி கை கழுவப் போனீங்கல்ல சார், அப்ப உங்க பைக்குள்ள வெச்சுட்டேன். ஃபைலுக்கு அடியில, துணியில சுத்தி. வலது பக்க பட்டனை அழுத்தினா ஒவ்வொண்ணா பின்னாடி போகும். அதுல செவ்வாக்கிழமை காலையில நூத்திநாலுன்னு ஒண்ணு இருக்கும். அது காலத்தோடது இல்ல, என்னோடது. அதை மட்டும் ஃபேக்டரியில சேத்துடாதீங்க.